இரண்டு ஓலை முடிந்த கோலி

எங்கள் வீட்டுச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் ஓர் அர்ஜென்டினாக்காரர் தொங்கிக்கொண்டிருந்தார். பச்சைச் சட்டை, பெரிய கையுறை, கண்ணில் விழும் தலைமுடி. ஏதோ விளையாட்டுப் பத்திரிகையின் நடுப்பக்கத்திலிருந்து மாமா பிய்த்தெடுத்து, அட்டையில் ஒட்டி, ஆணியடித்து மாட்டியது. சாயங்கால செபத்துக்கு முழங்கால் போட்டால் கண் ஆண்டவரிடம் நிற்காமல் அவரிடம் போய்விடும். ஒருமுறை வீடு சந்திக்க வந்த கன்னியாஸ்திரீ ஒருவர், அவரும் ஏதோ வெளிநாட்டுப் புனிதர் என்று எண்ணி, படத்தைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் போன பிறகு அம்மா மாமாவைத் திட்டிய திட்டு மொரப்பூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அப்பா அம்மா இருவரும் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அக்கா கையில் வளர்ந்தவர். அக்காவுக்குக் கல்யாணமானதும் சீர்வரிசையோடு சீர்வரிசையாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்று அப்பா சொல்வார். மொரப்பூரில் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கெட்டிக்காரத் தொழிலாளி. ஆனால் அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பேசியதெல்லாம் கோலியைப் பற்றித்தான். கோல் கீப்பரை எங்கள் ஊரில் கோலி என்றுதான் சொல்வார்கள். மாமாதான் எங்கள் ஊர்க் கோலி.

அந்த அர்ஜென்டினாக்காரரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது செல்போனைத் திறந்து சரிபார்க்கக் கிளம்பிவிடுவார்கள். மாமா சொன்னதில் பாதி அந்த மனிதருக்கு நடந்தே இருக்காது. பெயரையே மாமா திங்கட்கிழமை ஒரு மாதிரியும் வெள்ளிக்கிழமை ஒரு மாதிரியும் சொல்வார். ஆனால் கதை மட்டும் மாறாது. மறையுரையில் புனிதர் வரலாறு சொல்கிற மாதிரி சொல்வார். ஏழை வீட்டில் பிறந்தார், உயரம் போதாது என்று ஒரு கிளப் துரத்தியது, இன்னொரு கிளப் பந்து பொறுக்கிப்போடச் சேர்த்துக்கொண்டது, கோலிக்கு அடிபட்ட ஒரு நாள் இவரை இறக்கினார்கள், அப்புறம் உலகக்கோப்பை. சோறு ஆறிப்போகும். குழம்பில் ஆடை கட்டும். மாமா கை காய்ந்துபோய் இன்னும் அரையிறுதியில் நிற்பார்.

கதையின் கடைசிக் கட்டத்துக்கு வரும்போது குரல் இறங்கும். "அப்பறம் பாப்பா, ஒரு நாளு கையுறைய கழட்டி வெச்சுட்டு கோட்டு மாட்டிக்கினு கோட்டுக்கு வெளிய நின்னான் பாரு. கோச். ஏன் தெரியுமா? மத்தவன் எல்லாம் பந்தப் பாப்பான். கோலி ஒருத்தன்தான் மைதானத்தப் பாப்பான். அதனால கோலியா இருந்தவன்தான் கோச்சா ஆவணும்."

"ஆவட்டும். நீ மொதல்ல புருசனா ஆவு" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள்.

சிக்கலே அதுதான். எங்கள் ஊரில் தேர்த் திருவிழாவுக்கு முதல் நாள் சனிக்கிழமை சாயங்காலம், தண்ணீர் வற்றிய ஏரிக்குள் ஓர் ஆட்டம் நடக்கும். கட்டினவங்க ஒரு கட்சி, கட்டாதவங்க ஒரு கட்சி. கல்யாணமான ஆண்கள் அந்தப் பக்கம், ஆகாதவர்கள் இந்தப் பக்கம். தோற்ற கட்சி மறுநாள் அன்னதானத்து அண்டாக்களையெல்லாம் கழுவ வேண்டும். ஊருக்கே சோறு ஆக்கிய அண்டா. உள்ளே இறங்கித்தான் தேய்க்க முடியும். மாமா கோலியாக நிற்க ஆரம்பித்ததிலிருந்து கட்டினவங்க ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. எங்கள் அப்பா உட்பட ஊரிலுள்ள குடும்பத் தலைவர்கள் அனைவரும் ஆண்டுக்கொரு முறை கரியில் முக்கியெடுத்த மாதிரி வீடு திரும்புவார்கள்.

மாமா கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் தட்டிக்கழித்ததற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கூடவே இருந்து பார்த்தவள் நான். கோவிலூர்ப் பக்கம் பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளைக்கு என்ன பழக்கவழக்கம் என்று பெண்ணின் தாத்தா கேட்டார். மாமா அர்ஜென்டினாவில் ஆரம்பித்தார். அவர் உலகக்கோப்பைக்கு வருவதற்குள் அந்த வீட்டார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்கள். இன்னொரு இடத்தில் நல்ல நேரம் பார்த்து எங்களை வரச்சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் டிவியில் ஏதோ ஆட்டம். பஸ் ஏறிய நாங்கள் அரூரில் இறங்கிப் பார்த்தால் மாமா பஸ்ஸிலேயே இல்லை. தலையில் முடி பின்வாங்கத் தொடங்கிவிட்டது. அவரோடு கட்டாதவங்க கட்சியில் ஆடிய பையன்கள் அவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டார்கள். அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள், அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள், நேர்ந்துகொள்ளப் புனிதர்கள் தீர்ந்துபோன சமயத்தில்தான் மாந்தோப்புக்காரர் வீட்டுச் சம்பந்தம் வந்தது.

மொரப்பூருக்கு அந்தப் பக்கம் தோப்பு வைத்திருந்தவர். பெண் தருமபுரியில் நர்ஸாக இருந்தாள். அவர்கள் தோப்புக் கிணற்று மோட்டார் எரிந்துபோய்க் காயில் கட்ட மாமா போயிருக்கிறார், பெண் விடுமுறையில் வீட்டில் இருந்திருக்கிறாள், என்ன பேசினார்களோ. அர்ஜென்டினா கதையைக் கடைசிவரை கேட்ட முதல் ஆள் அவள்தான் என்று மாமா பிறகு சொன்னார். நான்தான் முதல் ஆள் என்று எனக்குக் கோபம். தினமும் ஆறிய சோறு தின்றவள் நான்.

பெண்ணின் அப்பா எளிதில் இறங்கி வருகிறவர் இல்லை. பேசி முடிக்கும் நாளில் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டுக் கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டபடி சொன்னார். "ஒரே ஒரு சமாச்சாரம். உங்க ஊரு ஆட்டத்தப் பத்திக் கேள்விப்பட்டன். கட்டாதவங்க கட்சியில நிக்கிற ஆளுக்கு எம் பொண்ண எப்பிடிங்க குடுக்கறது? ஊரு முன்னால 'நான் கட்டாதவன்'னு நிக்கிறதுதான அதுக்கு அர்த்தம்?"

அம்மா எதையும் யோசிக்கவில்லை. "நிக்க மாட்டானுங்ணா. அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டாள். மாமா காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஓலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் அறிவிப்பார். மூன்றாவது ஓலையும் தடையில்லாமல் போனால்தான் தாலி. மாமாவுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாவதும் வாசித்தார்கள். மூன்றாவதை வாசிக்க வேண்டிய ஞாயிறுதான் தேர். அதற்கு முதல் நாள் ஆட்டம்.

இரண்டாவது ஓலை வாசித்த அன்றைக்குப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு ஓலை முடிந்த மனிதன் கட்டினவனா, கட்டாதவனா?

கட்டாதவங்க கட்சி, தாலி ஏறாதவரை ஒருவன் கட்டாதவன்தான் என்றது. கட்டினவங்க கட்சி, முதல் ஓலையிலேயே ஆள் பாதி போய்விட்டான் என்றது. எங்கள் அப்பா, பிள்ளை உண்டானவளைப் பிள்ளை இல்லாதவள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டு எல்லார் வாயையும் அடைக்கப் பார்த்தார். அப்படியானால் பிள்ளை பெற்றவள் என்று சொல்ல முடியுமா என்று எவனோ திருப்பிக் கேட்டான். மூன்றில் இரண்டு ஓலை ஆகிவிட்டதால் ஆட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் அந்தப் பக்கமும் ஒரு பங்கு இந்தப் பக்கமும் நிற்கட்டும் என்று ஓர் ஆசிரியர் சொன்னார். படித்தவர்களே இப்படி. பங்குச் சாமியார் ஊருக்குப் புதிதாக வந்த இளைஞர். திருச்சபைச் சட்டத்தில் கால்பந்து பற்றி ஒன்றும் இல்லை என்று அவர் எவ்வளவோ சொன்னார். ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள் சாமி என்று அவரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் ஊரில் வேறு பேச்சில்லை. டீக்கடையில், ரேஷன் கடையில், மஞ்சள் காயப்போட்ட களத்தில், எங்கே போனாலும் என் மாமன் எவ்வளவு கட்டினவன் என்பதுதான் விவாதம். பள்ளிக்கூடத்திலும் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். எனக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

வீட்டில் அம்மா மாமாவிடம் நேரடியாகவே சொல்லிவிட்டாள். "இத பாரு. நான் வாக்கு குடுத்துட்டன். நீ அந்தப் பசங்களோட நின்னின்னா ஞாயித்துக்கெழமை ஓலை இல்ல. இந்தப் பொண்ணு போச்சுன்னா இன்னொருத்தி உனக்குப் பொறந்துகூட இருக்க மாட்டா. நீ இப்பிடியே நின்னுட்டா நாளைக்கி செத்தப்பறம் நான் எந்த மொகத்த வெச்சுக்கினு அப்பா அம்மாவப் பாக்கறது?"

"எதுத்த கட்சியில மட்டும் எப்பிடிக்கா போயி நிக்கிறது? அவனுங்க அத்தன பேரும் எங்கைய நம்பி நிக்கிறவனுங்க."

"கை கையின்னுதான ஒரு மோதரம் ஏறாம கெடக்குது."

மாமா எழுந்து போய்ச் சுவர்ப் படத்தின் முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். அம்மா தலையிலடித்துக்கொண்டு கத்தரிக்காய் அரிந்தாள். திடீரென்று மாமா திரும்பினார். அருள் வந்த முகம்.

"அக்கா. நான் கோச்."

கட்டினவங்க கட்சிக்குக் கோச். கோட்டுக்கு வெளியே நிற்பது. கட்டினவங்க பக்கம் நிற்பதால் மாந்தோப்புக்காரர் மனம் குளிரும். பந்தைத் தொடப்போவதில்லை என்பதால் பையன்களுக்குத் துரோகம் இல்லை. அர்ஜென்டினாவில் வழி இருக்கிறது என்றார். ஊரில் இதைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் திருப்தி. சாமியார் எனக்குத் தெரிய முதல்முறையாகச் சிரித்தார். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. கோச்சுக்குக் கோட்டு வேண்டும் என்று சொல்லி அப்பாவின் கல்யாணக் கோட்டைப் பெட்டியிலிருந்து மாமா எடுத்தபோது இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

எங்கள் பக்கத்து வெயில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஏரி மண்ணில் வெறுங்காலை வைத்தால் கொப்பளிக்கும். அதில் அந்துருண்டை வாசனையடிக்கும் கறுப்புக் கோட்டு, கழுத்துவரை பொத்தான். அக்குள் பிதுங்கியது. தைலமரக் கம்பு நட்ட இரண்டு கோல், சுற்றிலும் ஊர். பந்தலுக்குக் கீழே நாற்காலியில் மாந்தோப்புக்காரர், அவர் பக்கத்தில் அவர் மகள். ஒரு கரையில் பெண்களுக்கு நடுவே அம்மா மோர்ப்பானையோடு உட்கார்ந்திருந்தாள். நான் பானைக்குப் பின்னால்.

ஆட்டத்தை விவரிக்க எனக்கு வாய் கூசுகிறது. கட்டாதவங்க கட்சிக்குப் புதிதாக நின்ற கோலி, பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவன். கண்ணை மூடிக்கொண்டவனைத் தாண்டியும் கோல் போட வக்கில்லாத கூட்டம் எங்கள் கட்டினவங்க கூட்டம். ஒருவருக்கு மூச்சு வாங்கியது, ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் பந்து போய்விட்டது. அப்பா பந்தை விட்டுவிட்டு எதிராளியின் காலை நன்றாக உதைத்தார். மாமா எல்லைக்கோட்டு ஓரமாக ஓடி ஓடிக் கத்தினார். எல்லாம் அர்ஜென்டினா உத்திகள். ஒருத்தனாவது கேட்டிருந்தால்தானே.

பாதி ஆட்டத்துக்கு மேல் மாமா நகர்ந்து நகர்ந்து கட்டாதவங்க கோலுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். அங்கிருந்தால்தான் நன்றாகத் தெரிகிறதாம். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கட்சிக் கோலிக்கே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். "டேய், கம்ப ஒட்டி நிக்காத. முன்னால வா. முட்டிய மடக்கு." பந்தலில் மாந்தோப்புக்காரர் கழுத்தை நீட்டி அதைப் பார்த்தார். அம்மா அவர் பார்ப்பதைப் பார்த்தாள். "ஆண்டவரே, இவன ஒரு அர மணி நேரத்துக்கு ஊமையாக்கு" என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

இருபக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடியப்போகிற நேரம். நடுவராக நின்ற சாமியார் விசிலை வாயில் வைத்துவிட்டார். அப்போது, வேறு யாரையோ உதைக்கப்போன அப்பாவின் காலில் பந்து பட்டு, அது அவர் வாழ்நாளில் அடித்த ஒரே நல்ல பந்தாக எழும்பிப் போனது. கோலி கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தான். இந்தப் பக்கம் கோல் ஆவென்று திறந்து கிடந்தது. கட்டினவங்க எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஜெயித்துவிட்டார்கள் என்று ஊர் வாயைத் திறந்தது.

கறுப்பாக ஒன்று பறந்தது. கோட்டுதான். மாமா கம்புக்குப் பின்னாலிருந்து பாய்ந்து, காற்றில் படுத்து, இரண்டு கையாலும் பந்தை அணைத்துக்கொண்டு கோலுக்குக் குறுக்கே விழுந்தார். கோட்டு முதுகில் மேலிருந்து கீழ்வரை கிழிந்து உள்ளே வெள்ளைச் சட்டை தெரிந்தது. தன் கட்சி போட்ட கோலைத் தானே பிடித்த கோச் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

மாமா பந்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அது இறங்கியதையும் நான் பார்த்தேன். பந்து இருக்கிற இடம், தான் இருக்கிற இடம், பந்தலில் நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் எல்லாம் வரிசையாக அவருக்கு உறைத்தது. கட்டாதவங்க பையன்கள் அதற்குள் ஓடிவந்து அவரைத் தூக்கப் பார்த்தார்கள். "வுடுங்கடா, வுடுங்கடா" என்று அவர் கெஞ்சினார்.

மாந்தோப்புக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராகச் சாமியாரிடம் போனார்.

"சாமி, நாளைக்கி ஓலை வாசிக்க வேணாம்."

"ஐயா, அவர் ஏதோ தெரியாம..."

"தெரியாமப் புடிக்கிற பந்தா அது? ஒடம்பு சொல்லிடுச்சுங்க, ஆளு எந்தப் பக்கம்னு. எனக்குப் புரிஞ்சுபோச்சு."

கட்டினவங்க அது கோல்தான் என்று கத்தினார்கள். கட்டாதவங்க அது கோல் இல்லை என்று கத்தினார்கள். வெளியாள் பிடித்தால் என்ன சட்டம் என்று சாமியாரின் அங்கியைப் பிடித்து இழுத்தார்கள். மாமா பந்தைக் கீழே வைக்கவும் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றார். அந்தப் பெண் பந்தலில் எழுந்து நின்று கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு, இனி ஆயுசுக்கும் இவர் எங்கள் வீட்டில்தான், அர்ஜென்டினாவோடு, என்று நான் நினைத்தேன்.

பக்கத்தில் இருந்த அம்மாவைக் காணோம். நிமிர்ந்து பார்த்தால் மைதானத்துக்கு நடுவில் நடந்துபோய்க்கொண்டிருக்கிறாள். திருவிழாவுக்கென்று எடுத்த பட்டுச்சேலை. ஆம்பளைகள் ஆடுகிற களத்துக்குள் எந்தப் பொம்பளையும் கால் வைத்து நான் பார்த்ததில்லை. நேராக மாமா முன்னால் போய் நின்றாள்.

"பந்தக் கீழ வை."

"அக்கா, நான் வேணும்னு..."

"வைடான்னா."

மாமா வைத்தார். அம்மா செருப்பைக் கழற்றினாள். பந்தைக் காலாலேயே உருட்டிக்கொண்டு போய்க் கோலுக்கு எதிரே நிறுத்தினாள். அந்தக் கால் உருட்டிய விதத்தைக் கண்டு கத்திக்கொண்டிருந்த ஒருவர் இருவர் நிறுத்தினார்கள். சாமியார் ஓடிவந்தார்.

"அம்மா, நீங்க ஏம்மா உள்ள..."

"ஏஞ்சாமி, நானுந்தான் கட்டினவ. எனக்கும் மூணு ஓலை வாசிச்சுத்தான் கட்டிக் குடுத்தாங்க. எங்கட்சிக்கு வரவேண்டிய கோலு ஒண்ணு நிக்கிது. நான் அடிக்கிறன்." பிறகு மாமாவைப் பார்த்தாள். "நில்லுடா கோலுல. ஒழுங்கா நிக்கணும். வுட்டுக் குடுத்த, தோல உரிச்சுடுவன்."

மாமா கிழிந்த கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய் நின்றார். முட்டியை மடக்கினார். ஏதோ உலகக்கோப்பை மாதிரி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். முழங்கால் வரை தெரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் கரைமேல் நிற்கிறார்கள்.

பின்னால் கொஞ்சம் நடந்துபோய், திரும்பி ஓடிவந்து, அடித்தாள்.

மாமா சரியான பக்கம்தான் பாய்ந்தார். விட்டுக்கொடுத்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. பந்து அவர் விரல் நுனியைத் தாண்டி, கம்பின் உள்பக்கத்தில் பட்டு, உள்ளே போய்விட்டது.

அம்மா சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு மாந்தோப்புக்காரரிடம் வந்தாள். மூச்சு வாங்கியது. "கோலு போட்டாச்சுங்ணா. கட்டினவங்க ஜெயிச்சாச்சு. அவன் தடுத்தான், நான் போட்டுட்டன், தப்பு நேராயிடுச்சு. நாளைக்கி ஓலை வாசிக்கட்டும்."

அவர் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். முதலில் கைதட்டியது அந்தப் பெண்தான். நன்றாக, சத்தமாகத் தட்டினாள். அப்பன் திரும்பி முறைத்தும் நிறுத்தவில்லை. "அப்பா, ஒக்காருங்க" என்றாள். அவர் போய் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று பொருள். சாமியார் விசில் ஊதினார்.

அம்மாவுக்கு யாரும் மாலை போடவில்லை. திரும்பி வந்தபோது மோர்ப்பானைப் பக்கம் இருந்த பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "வருசத்துல ஒரு நாளு எங்கூட்டுக்காரரு அண்டா கழுவுறதக் கண்குளிரப் பாத்துக்கினு இருந்தன். அதையும் கெடுத்துட்டியே மகராசி" என்றாள் ஒருத்தி. மறுநாள் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் எழவில்லை. அடுத்த வாரம் மாமாவுக்குத் தாலி கட்டும் பாக்கியம் கிடைத்தது. அண்டாவைக் கட்டாதவங்க கழுவினார்கள், மாமாவும் உள்ளே இறங்கித்தான் தேய்த்தார்.

அதன்பிறகு மாமா கோலில் நிற்கவில்லை. கோச்சாகவே இருந்துவிட்டார், இப்போதும் அரூர்ப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சம்பளம் கிடையாது, அத்தையின் திட்டுதான். போன திருவிழாவுக்குப் போயிருந்தபோது அவரிடம் கேட்டேன், அம்மாவுக்கு அப்படி அடிக்க எப்படித் தெரியும் என்று. இத்தனை வருடம் இதைக் கேட்கவில்லையே என்பது போலப் பார்த்தார்.

"எனக்கு மொத பந்து அடிச்சதே உங்கம்மாதான் பாப்பா. அப்பா அம்மா செத்தப்பறம் நான் அழுதுக்கினே கெடப்பன்னு ஏரிக்குக் கூட்டிப்போயி, துணிப்பந்து சுத்தி, நீ நில்லு நான் அடிக்கிறன்னு அடிப்பா. தெனமும். அவ அடிச்சதத் தடுத்துத் தடுத்துத்தான் நான் கோலி ஆனன். அவளோட மொத ஓலை வாசிச்ச அன்னிக்கி சாயங்காலம் பந்த எடுத்துக்கினு கூப்பிட்டன், இனிமே வரக்கூடாதுடான்னுட்டா. எனக்கு ரெண்டு ஓலை முடிஞ்சப்ப ஊரே கூடிப் பேசுச்சு. அவ எந்தப் பக்கம்னு அன்னிக்கி ஒருத்தரும் கேக்கல."

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த அந்தச் சாயங்காலம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அம்மாவின் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அப்பா முன்னால் போனார். அம்மா நொண்டிக்கொண்டு வந்தாள். கட்டைவிரல் நகம் கறுத்து வீங்கியிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டாள். நான் எதிரே நின்று, எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டாய், திங்கட்கிழமை நான் எப்படிப் பள்ளிக்கூடம் போவேன் என்று கத்தினேன். அவள் திட்டவில்லை. நான் கத்தியது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"நீ கரைமேல இருந்துதான பாத்த?" என்றாள். "பந்து நேரா போச்சா, வளைஞ்சு போச்சா?"

மாமாவுக்குத்தான் பைத்தியம் என்று நினைத்திருந்தேன், இவளுக்குமா என்று எரிச்சலாக வந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் அதையே அப்பாவிடம் கேட்பது கேட்டது.